நாவலும் வார்ப்பும்

நாவல் எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு இன்று கடையிலே விடை விற்கப்படுகிறது. கதையைத் திரையில் வரைபடமாக விரித்துக் காட்டும் கணினி மென்பொருள்களே அந்த விடை. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கிரிவனர் என்னும் மென்பொருள், சுவரில் மாட்டிய தக்கைப் பலகையைப் போன்றதொரு தோற்றத்தைத் திரையில் உண்டாக்கி, ஒவ்வொரு காட்சியையும் ஓர் அட்டையில் எழுதி அதிலே குத்தி வைக்கச் சொல்கிறது. அதற்குப் பின் வந்த ப்ளாட்டர் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அத்தியாயங்களை மேலே வரிசையாகவும், கதையிழைகளை இடப்புறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் அடுக்கி, இழைக்கொரு நிறம் தீட்டி, இரண்டும் சந்திக்கும் இடந்தோறும் ஓர் அட்டையை அது வைக்கிறது. ஏயோன் டைம்லைன் என்பது நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைக் கணக்கிட்டு, இன்ன சம்பவம் நடந்தபோது இன்ன பாத்திரத்துக்கு வயது எத்தனை என்பதையும் சொல்லிவிடுகிறது.

கருவி என்ற அளவில் இவற்றின்மீது எமக்குப் பகையேதும் இல்லை. எழுத்தாணியைக் கைவிட்டுப் பேனாவையும், பேனாவைக் கைவிட்டுத் தட்டச்சுப் பொறியையும் ஏற்றுக்கொண்ட எழுத்தாளன் திரையையும் ஏற்றுக்கொள்வான். ஆனால் இக்கருவிகளோடு ஒரு கொள்கையும் சேர்த்து விற்கப்படுகிறது. கதை என்பது எங்கும் எக்காலத்தும் ஒரே அமைப்புடையது. அவ்வமைப்பை நாம் முன்னரே கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். வெற்றுக் கட்டங்களை நிரப்புவதே நும் வேலை என்பதுதான் அக்கொள்கை. வார்ப்புரு என்று அதற்குப் பெயர். எழுத வேண்டும் என்ற ஆர்வம் கொண்ட ஒரு மாணவன் இன்று நாவற்கலையைப் பற்றி அறிய விரும்பித் தேடத் தொடங்கினால், எந்த ஒரு நாவலையும் படிப்பதற்கு முன்பே இந்த வார்ப்புருவைத்தான் எதிர்கொள்கிறான். ஆகையால் இதனைப் பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் நிதானமாக ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவது அவசியம்.

இவ்விடயத்தில் இருவகையான தவறான நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. அவற்றுள் முதலாவது, திட்டம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் நிலைப்பாடு. கலை என்பது அருள்வாக்குப் போல வந்திறங்குவது. அதனைக் கட்டம் போட்டு வளர்ப்பது தச்சுவேலை. உண்மைக் கலைஞன் வரைபடம் கீறமாட்டான் என்று இவர்கள் கூறுவர். உடலுழைப்பை இழிவாகக் கருதும் பழைய மனப்பான்மை, இலக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பேசும் பேச்சு இது. தச்சனை இகழ்பவன் தான் இருக்கும் வீட்டை யார் கட்டினார் என்பதை மறந்துவிடுகிறான்.

நாவலின் வரலாறு இக்கூற்றுக்கு இடங்கொடுக்கவில்லை. சார்ள்ஸ் டிக்கன்ஸின் பெரிய நாவல்கள் மாதந்தோறும் 32 பக்கங்கொண்ட பகுதிகளாக, பகுதி ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு வெளிவந்தன. 1846இல் தொடங்கிய 'டொம்பியும் மகனும்' நாவலிலிருந்து அவர் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை எடுத்து, அதனை நடுவே மடித்து, இடப்புறத்தில் பொதுவான யோசனைகளையும் தமக்குத் தாமே எழுப்பிய வினாக்களையும் அவற்றுக்குரிய விடைகளையும், வலப்புறத்தில் அத்தியாயங்களின் உள்ளடக்கத்தையும் குறித்து வந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீளும் ஒரு கதையை, முன் பகுதி அச்சாகி வாசகர் கைக்குப் போய்விட்ட பின்னர் பின் பகுதியை எழுத வேண்டிய நிலையில், அவரால் வேறெப்படித்தான் நடத்தியிருக்க முடியும்? 1961இல் வெளிவந்த 'கட்ச்-22' என்னும் நாவலுக்காக ஜோசப் ஹெலர் தமது கைப்பட ஒரு பெரிய அட்டவணை கீறினார். காலம் மேலிருந்து கீழாகவும் பாத்திரங்கள் இடமிருந்து வலமாகவும் அமைந்த அக்கட்டங்களைப் பார்ப்பவர்கள், இன்றைய மென்பொருளின் மூலப்பிரதியையே பார்ப்பார்கள். வில்லியம் போக்னர் 1954இல் வெளிவந்த 'ஒரு நீதிக்கதை' என்ற நாவலின் அமைப்பை மிஸிஸிப்பியிலுள்ள தம் வீட்டு அறையின் சுவரிலேயே நாள்வாரியாக எழுதி வைத்தார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது எமது முதுமொழி. சுவரையே திட்டமாக்கிக் கொண்டவரையும் நாவல் இலக்கியம் கண்டிருக்கிறது.

ஆகவே திட்டமிடுவது கலைக்கு விரோதமானது என்ற வாதம் வெறும் மாயை. நானூறு பக்கங்களுக்குள் ஐம்பது மனிதர்களை நடமாட விடுகிறவன், அவர்களுள் யார் எப்பொழுது எங்கே இருந்தார் என்பதற்குக் கணக்கு வைத்திருத்தல் வேண்டும். அக்கணக்கை ஏட்டில் வைத்தாலென்ன, திரையில் வைத்தாலென்ன?

இனி, இரண்டாவது நிலைப்பாட்டுக்கு வருவோம். இதுவே அதிக ஆபத்து நிறைந்தது. ஏனெனில் இது விஞ்ஞானத்தின் உடை தரித்து வருகிறது. திட்டம் தேவை என்பதை ஒப்புக்கொண்டவுடன், அப்படியாயின் நிரூபிக்கப்பட்ட திட்டம் இதோ என்று வார்ப்புருவை நீட்டுகிறார்கள். இந்த வார்ப்புருக்களின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரித்துப் பார்ப்போமாக.

மிகவும் பழையது குஸ்தாவ் ப்ரெய்டாக் என்னும் ஜேர்மானிய எழுத்தாளரின் கூம்பகம். தொடக்கம், எழுச்சி, உச்சம், வீழ்ச்சி, பேரழிவு என்னும் ஐந்து பகுதிகளாக இது அமையும். 1863இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே 'நாடகத்தின் உத்தி' என்பதாகும். கிரேக்க அவல நாடகங்களையும் ஷேக்ஸ்பியரையும் வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மேடையில் முடிய வேண்டிய ஒரு கலைக்காக அவர் வகுத்த விதி அது. இதற்கெட்டு ஆண்டுகளுக்கு முன், 1855இல், அவரே ஒரு நாவல் எழுதியிருந்தார். 'பற்றும் வரவும்' என்று பொருள்படும் தலைப்புடைய அந்நாவல், ஒழுங்குமிக்க ஜேர்மானிய வணிக இளைஞனை ஒருபுறமும் இழிந்தவனாகச் சித்திரிக்கப்பட்ட யூதனை மறுபுறமும் நிறுத்தி, வணிக வர்க்கத்தின் புகழ் பாடி, ஜேர்மனியில் பெருவாரியாக விற்பனையாயிற்று. கட்டமைப்பில் வல்லவர் ஒருவர் மனிதரைக் காண்பதில் எவ்வளவு குருடராக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது வீரனின் பயணம் என்று பேசப்படுவது. அமெரிக்கரான ஜோசப் கம்பல் 1949இல் 'ஆயிரம் முகங்கொண்ட வீரன்' என்ற நூலில் பல்வேறு நாட்டுப் புராணங்களை ஒப்பிட்டு, அனைத்துக்கும் அடியில் ஒரே கதை உண்டு என்று வாதித்தார். வீரன் ஊரைவிட்டுப் புறப்படுகிறான், சோதனைகளை வெல்கிறான், வரம் பெற்றுத் திரும்புகிறான். 1980களின் நடுப்பகுதியில் ஹொலிவூட்டில் வேலை செய்த கிறிஸ்தோபர் வோக்லர் இதனை ஏழு பக்கக் குறிப்பாகச் சுருக்கிப் படத்தயாரிப்பாளர்களிடையே பரப்பினார். 1992இல் அது பன்னிரண்டு படிகளைக் கொண்ட நூலாக விரிந்தது.

மூன்றாவது, பிளேக் ஸ்னைடர் என்ற திரைக்கதை ஆசிரியர் 2005இல் எழுதிய 'பூனையைக் காப்பாற்று' என்னும் கைநூல். 110 பக்கத் திரைக்கதையைப் பதினைந்து துடிப்புகளாக அது பிரிக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் கதையைத் தூண்டும் நிகழ்ச்சி வந்தாக வேண்டும். எழுபத்தைந்தாம் பக்கத்தில் எல்லாம் பறிபோய்விட்டது என்ற நிலை வந்தாக வேண்டும். 2018இல் இதே முறையை நாவலாசிரியர்களுக்கென மாற்றி வேறொரு நூல் வெளியாயிற்று. பக்க எண்கள் நூற்றுவீதங்களாயின. மாற்றம் பெரிதும் அவ்வளவே.

மென்பொருள்கள் முன்வைக்கும் வார்ப்புருக்களில் முதன்மையானவை இவைதாம். காதற்கதைக்கும் துப்பறியும் கதைக்கும் வேறு சில உண்டு. அவை ஏற்கெனவே விலைபோன சரக்கை அளந்து எடுத்த அளவுகோல்கள். வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது மேடையிலிருந்து பிறந்தது. இரண்டாவது புராணத்திலிருந்து பிறந்தது. மூன்றாவது திரைப்பட நிலையத்திலிருந்து பிறந்தது. மூன்றில் ஒன்றாவது நாவலிலிருந்து பிறக்கவில்லை. புராண வீரனின் காலம் முடிந்து, சந்தையும் கூலியும் நீதிமன்றமும் பத்திரிகையும் மனிதனின் விதியை நிர்ணயிக்கத் தொடங்கிய பின்னரே நாவல் என்ற வடிவம் ஓங்கி வளர்ந்தது. எந்தப் பழைய வடிவங்களால் புதிய வாழ்க்கையைச் சொல்ல முடியாமற் போனதோ, அந்த வடிவங்களையே எடுத்து வந்து நாவலுக்குச் சட்டம் விதிப்பது எவ்வகை நியாயம்? செருப்புக்காகக் காலைத் தறிப்பார் உண்டோ?

இவ்வியாபாரம் புதியதும் அன்று. மலிவுப் பதிப்புக் கதைகளை எண்ணிக்கையற்று எழுதித் தள்ளிய வில்லியம் வொலஸ் குக் என்ற அமெரிக்கர், 1912இல் புனைபெயரில் வெளியிட்ட தம் அனுபவ நூலுக்குப் 'புனைகதைத் தொழிற்சாலை' என்றே பெயரிட்டார். 1928இல் அவர் 'ப்ளொட்டோ' என்ற நூலில் 1,462 கதைச் சூழ்நிலைகளை இலக்கமிட்டு அடுக்கி, ஒன்றோடொன்று பொருத்திக் கதை செய்யும் முறையை விற்றார். அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்றே அவர் அழைத்தார். இன்றைய வியாபாரிகளோ அதற்குக் கலையின் இரகசியம் என்று பெயர் சூட்டுகிறார்கள்.

சரி, வார்ப்புரு எங்கிருந்து வந்தால் என்ன, பயன் தருமாயின் ஏற்கலாமே என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். ஒரு நாவலை எடுத்து அதனைப் பொருத்திப் பார்ப்போம்.

எமிலி ஸோலா 1871 முதல் 1893 வரை இருபது நாவல்களை ஒரே தொடராக எழுதினார். அவரைப் போலத் திட்டமிட்டு எழுதியவர் உலக இலக்கியத்தில் மிகச் சிலரே. முதலில் கதையின் நோக்கத்தைப் பற்றிய வரைவு, பின் பாத்திரங்களின் பட்டியல், பின் களஆய்வுக் குறிப்புகள், பின் அத்தியாயந்தோறும் விரிவான திட்டம் என்று பல நூறு தாள்களை அவர் நிரப்பினார். அத்தாள்கள் இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1885இல் நூலாக வந்த 'ஜெர்மினால்' சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பற்றியது. 1884 பெப்ரவரியில் வட பிரான்ஸிலுள்ள அன்ஸின் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, ஸோலா அங்கே நேரிற் சென்றார், சுரங்கத்துக்குள் இறங்கினார், தொழிலாளர் வீடுகளைப் பார்த்தார், கண்டவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார்.

அந்நாவலில் வேலைநிறுத்தம் எவ்வாறு பிறக்கிறது? கம்பனி, நிலக்கரி வண்டியொன்றுக்கான கூலியைக் குறைத்து, சுரங்கத்தின் கூரை சரியாமல் மரத்தாங்கல் நாட்டும் வேலைக்குத் தனியாகக் கூலி கொடுப்பதாக அறிவிக்கிறது. பாதுகாப்பின் பெயரால் செய்யப்படும் கூலிக்குறைப்பு அது. தாங்கல் நாட்டினால் நிலக்கரி வெட்ட நேரமில்லை. நிலக்கரி வெட்டினால் தாங்கல் நாட்ட நேரமில்லை. முதலதைச் செய்தால் பட்டினி. இரண்டாவதைச் செய்தால் சாவு. ஐந்நூறு பக்க நாவலின் இயக்கம் முழுவதும் இந்தச் சில்லறைக் கணக்கிலிருந்து பிறக்கிறது.

இக்கணக்கை வார்ப்புருவின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? வீரனின் ஆசை என்ற கட்டத்திலா? வில்லனின் இயல்பு என்ற கட்டத்திலா? கம்பனியின் பங்குதாரர் வெகுதூரத்தில் இருக்கிறார்கள். அவர்களுள் எவரும் மீசை முறுக்கி நிற்கும் வில்லர் அல்லர். சுரங்க முகாமையாளனுங்கூடத் தன் வீட்டுத் துயரத்தில் அழுந்தும் சம்பளக்காரனே. வார்ப்புருவில் இவையெல்லாம் 'இடம்', 'சூழல்' என்ற தலைப்பின்கீழ் ஓர் ஓரத்து அட்டைக்குப் போய்விடும். அங்கே போனவுடன் சமுதாயம் திரைச்சீலையாகி விடுகிறது. அதற்கு முன்னே ஒருவன் தன் சொந்தக் குறையைத் தானே திருத்திக்கொண்டு வெற்றி பெறுகிறான். தன் நிலைக்கு ஒவ்வொருவனும் தானே காரணம், தன் மீட்சிக்கும் தானே காரணம் என்ற போதனை, ஒரு வரிகூடப் பிரசாரம் செய்யாமலே, கட்டங்களின் அமைப்பினால் மட்டுமே கதைக்குள் புகுந்துவிடுகிறது. பிரசார இலக்கியம் என்று எம்மைத் தூற்றுவோர், வெற்றுக் கட்டத்துக்குள்ளே ஒளிந்திருக்கும் இந்தப் பிரசாரத்தைக் காணாதது வியப்புக்குரியது.

எமது நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் காட்டலாம். 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்', யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் சாதிக்கொடுமைக்கு எதிராக நடத்திய போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது. அந்நாவலின் குறைகளைப் பற்றி விமர்சகர் எவ்வளவோ வாதிடலாம். ஆனால் தனி வீரன் ஒருவனின் பயணமாக அதனை வகுக்கச் சொல்லியிருந்தால், அந்நாவல் பிறந்தேயிராது. மக்கள் திரள் என்பதற்கு அந்த வார்ப்புருவில் கட்டமே கிடையாது.

இங்கே கட்டத்துக்கும் வார்ப்புருவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். ஹெலரின் அட்டவணை வெறுங்கட்டம். அதில் எதை எழுதுவது என்பதை அவரே தீர்மானித்தார். வார்ப்புருவோ நிரப்பப்பட வேண்டிய விண்ணப்பப் படிவம். வினாக்களை வேறொருவர் அச்சிட்டுவிட்டார். அரசாங்க அலுவலகத்துப் படிவத்தில் கேட்கப்படாததை நாம் சொல்ல முடியாது என்பதை எல்லாரும் அறிவர். படிவத்தை வடிவமைத்தவனே நாம் சொல்லக்கூடியதை முன்கூட்டி நிர்ணயித்துவிடுகிறான்.

வெறுங்கட்டத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. ஒரே வேளையில் பல இடங்களில் என்ன நடக்கிறது என்பதை அது நன்றாகக் காட்டும். எதனால் எது நடந்தது என்பதை அது காட்டாது. இரண்டு அட்டைகள் அருகருகே இருப்பதால் முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகிவிடாது. திரையிலோ இரண்டுக்கும் நடுவே நிறக்கோடு ஒன்று ஓடுகிறது; கண்ணுக்கு அது தொடர்ச்சியாகத் தெரிகிறது; கண் ஏமாந்தால் மனமும் ஏமாறும். இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. சுட்டியினால் ஓர் அட்டையைப் பிடித்து மூன்று அத்தியாயம் தள்ளி வைத்துப் பாருங்கள். எதுவும் கெடாமல் அது அங்கே போய் அமர்ந்துவிடுமானால், அக்காட்சி எதனாலும் விளையவில்லை, எதையும் விளைவிக்கவுமில்லை என்பது பொருள். 'ஜெர்மினா'லின் கூலி அறிவிப்பை அப்படி நகர்த்த முடியாது. நகர்த்தினால் நாவலே இடிந்து விழும். அட்டைகளை எவ்வளவு எளிதாக நகர்த்தலாம் என்பதையே இம்மென்பொருள்கள் தம் சிறப்பென்று விளம்பரம் செய்கின்றன. நகர மறுக்கும் அட்டையே உயிருள்ள அட்டை என்பதை எழுத்தாளன் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இதனினும் முக்கியமான உண்மை ஒன்றுண்டு. பெரிய நாவல்கள் பல, தம் ஆசிரியரின் திட்டத்தைத் தோற்கடித்து எழுந்தவை. டால்ஸ்டாய், 1856இல் சைபீரியாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பும் ஒரு டிசம்பர் புரட்சியாளனைப் பற்றி எழுத நினைத்தார். அவனைப் புரிந்துகொள்ள 1825ஆம் ஆண்டு எழுச்சிக்குப் போக வேண்டியதாயிற்று. 1825இல் அவன் முதிர்ந்த மனிதன். ஆகவே அவன் இளமையை அறிய 1812ஆம் ஆண்டுக்குப் போனார். 1812இன் வெற்றியை மட்டும் எழுதுவது நாணத்தக்கது, அதற்கு முந்திய தோல்விகளையும் எழுத வேண்டும் என்று 1805க்குப் போனார். இவ்வாறு அரை நூற்றாண்டு பின்னோக்கி நடந்ததன் பயனே 1869இல் முற்றுப்பெற்ற 'போரும் அமைதியும்'. கதையைத் தூண்டும் நிகழ்ச்சி பத்தாவது நூற்றுவீதத்தில் வர வேண்டும் என்று ஒரு திரை அவருக்கு நினைவூட்டிக் கொண்டிருந்தால், சைபீரியாவிலிருந்து திரும்பிய கிழவனின் குடும்பக்கதை ஒன்றே உலகுக்குக் கிடைத்திருக்கும்.

தொஸ்தோயெவ்ஸ்கி 'குற்றமும் தண்டனையும்' நாவலைக் கொலைகாரனின் தன்கூற்றாகவே எழுதத் தொடங்கினார். பெரும்பகுதி எழுதிய பின், 1865 நவம்பரில் அதனை எரித்துவிட்டுப் படர்க்கையில் மீண்டும் தொடங்கினார். 1866 முழுவதும் அது சஞ்சிகையில் தொடராக வந்தது. கடன்காரர் வாசலில் நிற்கும் வேளையில் எழுதியதை எரிப்பதற்கு எத்துணை மனத்துணிவு வேண்டும்! திட்டம் பிழைத்தது என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவே அது.

பால்ஸாக்கின் கதை இன்னும் கூர்மையானது. அவரும் பெருந்திட்டக்காரர். 1845இல் அவர் தமது 'மானுட நாடகம்' என்னும் தொகுதிக்காகத் தயாரித்த பட்டியலில் 137 தலைப்புகள் இருந்தன. 1842இல் எழுதிய முன்னுரையில், மதம், முடியாட்சி என்னும் இரண்டு உண்மைகளின் ஒளியில் தாம் எழுதுவதாக வெளிப்படையாகவே அறிவித்தார். ஆயினும் அவருடைய நாவல்களில் நொறுங்கி விழுவது அவர் நேசித்த பிரபுக்குலம். மேலோங்கி வருவது அவர் வெறுத்த பணம். 1888இல் மார்கரெட் ஹார்க்னஸ் என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு எழுதிய கடிதத்தில், எங்கெல்ஸ் இதனையே யதார்த்தவாதத்தின் மாபெரும் வெற்றியென எடுத்துக்காட்டினார். தம் சொந்த அனுதாபங்களுக்கே எதிராகப் பால்ஸாக் எழுத நேர்ந்தது என்பதே அவர் கண்ட உண்மை. ஆசிரியரின் அரசியற் சார்பையே வென்றுவிடக்கூடிய வாழ்க்கையைப் பதினைந்து கட்டங்களுக்குள் பிடித்து வைக்கலாம் என்பது குண்டுச்சட்டிக்குள் குதிரையோட்டும் வேலை.

இவ்விடத்தில் எம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. வார்ப்புரு என்பது ஹொலிவூட்டின் தனிச்சொத்தன்று. முதல் அத்தியாயத்தில் துன்பம், நடுவே ஒரு நல்ல ஆசிரியரின் போதனை, இறுதியில் கொடி ஏந்திய ஊர்வலம் என்று எழுதப்படும் கதைகளும் வார்ப்பில் வடித்தவையே. மென்பொருள் இல்லாமலே அவ்வார்ப்பு பலரின் மனத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. தொழிலாளியை ஆய்ந்து அறியாமல் அட்டையில் எழுதுபவன், அவனை வாழ்த்தினாலும் இகழ்ந்தாலும் ஒரே தவற்றையே செய்கிறான். முற்போக்கு நோக்கம் இருப்பதனால் ஆராய்ச்சியிலிருந்து விலக்குக் கிடைத்துவிடாது.

இனி, எதிர்ப்பக்கத்தாரின் வலுவான வாதம் ஒன்றுக்கு விடையளிக்க வேண்டும். ஓய்வு படைத்தவர்கள் பத்து ஆண்டுகள் அலைந்து எழுதலாம். பகலெல்லாம் கற்பித்து, இரவில் விடைத்தாள் திருத்தி, எஞ்சிய ஒரு மணி நேரத்தில் எழுதும் ஆசிரியனுக்கு வார்ப்புரு கைகொடுக்கிறது. அதையும் பறிக்கலாமா என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. எழுதுவதற்கான ஓய்வு எல்லாருக்கும் ஒரே அளவாகப் பங்கிடப்படவில்லை என்பது உண்மை.

ஆனால் அந்த ஆசிரியனின் நேரத்தை மிச்சப்படுத்துவது கருவியா, வார்ப்புருவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நாட்களைக் கணக்கிடும் வேலை, வயதைச் சரிபார்க்கும் வேலை, இருநூறாம் பக்கத்தில் இறந்தவன் முந்நூறாம் பக்கத்தில் தேநீர் குடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை ஆகியவற்றைக் கருவியிடம் ஒப்படைக்கலாம்; ஒப்படைப்பதே நல்லது. அதற்கு ஆண்டுச் சந்தா கட்டித்தான் ஆகவேண்டும் என்பதுமில்லை. யாவரும் விலையின்றிப் பெறக்கூடிய மனுஸ்கிரிப்ட் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன. பெரிய தாள் ஒன்றும் நான்கு நிறப் பென்சில்களும் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். வார்ப்புரு மிச்சப்படுத்துவதோ கணக்கு வேலையை அல்ல, சிந்திக்கும் வேலையை. நேரம் குறைவாக உள்ள எழுத்தாளனிடம் உள்ள ஒரே செல்வம், தன்னைச் சுற்றி உள்ள வாழ்க்கையை அவன் அறிந்திருப்பது. அந்த ஒரு மணி நேரத்தையும் எங்கோ திரைப்பட நிலையத்தில் வகுத்த வினாக்களுக்கு விடை எழுதுவதில் அவன் செலவிட்டால், அச்செல்வம் பயன்படாமலே போகும். வகுப்பறைக் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை ஏன் வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை என்பதை அவன் அறிவான். எந்த வார்ப்புருவும் அதனை அவனிடம் கேட்பதில்லை.

கடைசியாக இன்னொன்று. 2022 நவம்பரில் சட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்த பின்னர், கதைச்சுருக்கத்தையும் காட்சிகளையும் இயந்திரமே நிரப்பித் தரும் வசதி பரவலாகிவிட்டது. பலர் இதனைக் கண்டு திடுக்கிடுகின்றனர். திடுக்கிட என்ன இருக்கிறது? எத்தனை கட்டம், எந்தக் கட்டத்தில் என்ன உணர்ச்சி, எந்த நூற்றுவீதத்தில் என்ன திருப்பம் என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டால், எஞ்சியிருப்பது நிரப்பும் வேலைதானே? நிரப்பும் வேலையை மனிதனைவிட இயந்திரம் விரைவாகச் செய்யும். வார்ப்புருவை நம்பிய எழுத்தாளன், இயந்திரம் வந்து தன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னரே அந்நாற்காலியை இயந்திரத்தின் அளவுக்கு வெட்டி வைத்துவிட்டான். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்த ஸோலாவின் வேலை அங்கே போய் நின்ற ஒரு மனிதனின் வேலை. அதனை நிரப்ப எந்தக் கட்டமும் போதாது.

ஆகவே ஆசிரியர்கள் மாணவரிடம் வார்ப்புருவை அல்ல, வெறுங்கட்டத்தைக் கொடுக்க வேண்டும். மேலே நாட்களை எழுதச் சொல்லுங்கள். இடப்புறத்து வரிசைகளில் பாத்திரங்களின் பெயர்களுக்கு முன்னால், அவர்களுடைய வருமானம், கடன், வேலை நேரம், குடியிருக்கும் காணி யாருடையது, அன்றைய அரிசி விலை, ஊரிலே உலவும் வதந்தி என்பவற்றை எழுதச் சொல்லுங்கள். இரண்டு ஆண்கள் திண்ணையிலிருந்து தத்துவம் பேசும் கட்டத்துக்கு நேரே, அவ்வேளையில் அடுப்படியில் நிற்பவள் யார், அவள் விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். தெரியாத கட்டத்தை ஊகத்தால் நிரப்பாமல், போய்க் கேட்டறிந்து வந்து நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன என்பதைக் கண்டவுடனே மாணவன் முதற்பாடத்தைக் கற்றுக்கொள்வான். எழுதத் தொடங்கிய பின், பாத்திரம் ஒன்று கட்டத்துக்குள் நிற்க மறுத்தால், பாத்திரத்தை அடித்து உள்ளே தள்ளாமல் கட்டத்தை அழிக்கக் கற்றுக்கொடுங்கள்.

நாவலாசிரியனுக்குத் திட்டம் வேண்டும். வாழ்க்கையைத் தேடிப் போய்ப் பார்த்த பின் வகுத்த திட்டமாக அது இருக்க வேண்டும். வாழ்க்கை எதிர்த்து நின்றால் தோல்வியை ஒப்புக்கொள்ளும் திட்டமாகவும் இருக்க வேண்டும். விலைக்கு வாங்கிய வார்ப்புருவில் இவ்விரண்டும் கிடையா. ஏனெனில், அதனைச் செய்தவர்கள் நாம் வாழும் தெருவைப் பார்த்ததில்லை. அதனைப் பார்க்கும் பொறுப்பு எம்முடையது.